இடம்சார் புனிதமும் உயிர்காப்பும்: ஹாஜோ ஹயக்ரீவ மாதவர் கோயில் குளத்து ஆமைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அசாம் மாநிலத்தின் ஹாஜோவில் உள்ள ஹயக்ரீவ மாதவர் கோயில் குளம் கருநிற மென்னோட்டாமை என்னும் அரிய நன்னீர் ஆமையின் புகலிடங்களுள் ஒன்று. இயற்கைச் சூழலில் அற்றுப்போனதாக ஒருகாலத்தில் அறிவிக்கப்பட்ட இவ்வினம், வழிபாட்டிடங்களின் குளங்களில் பேணப்பட்டு நிலைத்தது. ஹாஜோக் குளத்தைத் திரிபுராவின் கல்யாண் சாகர், சிட்டகாங்கின் பாயசீத் போஸ்தாமி தர்காக் குளம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, ஆமைக்குரிய புனிதம் உயிரினத்தைச் சார்ந்ததா, இடத்தைச் சார்ந்ததா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கின்றது. அப்புனிதம் வளர்ந்த ஆமையைக் காத்த அளவிற்கு அதன் இனப்பெருக்கத்தைக் காக்கவில்லை என்பதும், அக்குறையை நிறைவு செய்யும் பணியில் கோயிலும் அறிவியலும் இணைய வேண்டியிருப்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: ஹாஜோ, மணிகூடம், கூர்மம், மென்னோட்டாமை, கோயில் குளம், இடம்சார் புனிதம்.

1. முன்னுரை

கோயில் குளத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதன் கட்டடக்கலை, நீர் மேலாண்மை, தெப்பத் திருவிழா, தலபுராணம் ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. குளத்து நீரில் வாழும் உயிர்கள் அவ்வாய்வுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. ஆயினும், ஒரு குளத்தின் புனிதம் கல்லிலும் நீரிலும் மட்டும் உறைவதன்று. அதில் வாழும் மீனையும் ஆமையையும் கொல்லாது விடுதல், அவற்றிற்கு உணவளித்தல் ஆகிய நடைமுறைகளிலும் அது வெளிப்படுகின்றது.

தமிழ் மரபில் ஆமை இருவேறு நிலைகளில் நிற்கின்றது. திருமாலின் அவதாரம் என்ற முறையில் அது போற்றுதற்குரியது. ஆனால் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்னும் மக்கள் வழக்கில் அது தீக்குறி. ஓர் உயிரே ஓரிடத்தில் வணங்கப்படுவதும் பிறிதோரிடத்தில் விலக்கப்படுவதும், புனிதம் என்பது உயிரின் இயல்பிலிருந்து மட்டும் பிறப்பதன்று என்பதை உணர்த்துகின்றன. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் சான்றாக ஹாஜோக் குளம் அமைகின்றது.

2. ஹாஜோவும் மணிகூடமும்

ஹாஜோ, பிரம்மபுத்திராவின் வடகரையில், காமரூப மாவட்டத்தில், குவகாத்தியிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. இங்குள்ள மணிகூடம் என்னும் குன்றின்மேல் ஹயக்ரீவ மாதவர் கோயில் அமைந்துள்ளது. இன்றுள்ள கோயிலைக் கட்டுவித்தவர் கோச் மரபின் அரசர் ரகுதேவ நாராயணர். காலம் 1583. கோயிலின் புறச்சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றி வரிசையாகச் செல்லும் யானை உருவங்கள் இதன் சிற்ப அடையாளம்.

தலத்தின் தொன்மை கட்டடத்தின் காலத்தினும் முற்பட்டது. காமரூப நிலத்தில் தோன்றிய காளிகா புராணம், திருமால் ஹயக்ரீவ வடிவில் சுரமாகிய அசுரனை வென்று மணிகூடத்தில் உறைந்ததாகக் கூறுகின்றது. வைணவர்க்கு மாதவன் உறையும் தலமாகிய இதனைத் திபெத்திய, பூட்டானியப் பௌத்தர்கள் புத்தர் பரிநிர்வாணம் எய்திய இடமாகக் கருதி வணங்கி வந்துள்ளனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திபெத்தியப் பௌத்தத்தை ஆராய்ந்த வாடெல் இந்நம்பிக்கையைப் பதிவு செய்துள்ளார். அதே ஊரில் போவா மக்கா எனப்படும் இசுலாமியப் புனிதத்தலமும் உள்ளது. ஒரே நிலப்பரப்பில் பல சமயத்தார் தத்தம் விளக்கங்களோடு வழிபடும் இம்மரபு, குளத்து ஆமைகளைப் புரிந்துகொள்வதற்கும் இன்றியமையாதது.

குன்றின் அடிவாரத்தில் மாதவ் புகுரி எனப்படும் குளம் உள்ளது. அசாமியத்தில் குளத்தைக் குறிக்கும் ‘புகுரி’, வங்காளத்தின் ‘புகுர்’, தமிழில் வழங்கும் ‘புட்கரணி’ ஆகிய மூன்றும் ‘புஷ்கரிணி’ என்னும் ஒரே வடசொல்லோடு தொடர்புடையவை. தாமரைத் தடாகம் என்னும் பொருளுடைய அச்சொல் தமிழில் பெரிதும் கோயில் திருக்குளத்திற்கே உரியதாயிற்று. அசாமியத்திலோ அது எல்லாக் குளங்களுக்கும் பொதுவான சொல். ஆகவே அங்குக் குளத்தின் புனிதத்தை உணர்த்துவது அதற்கு அடைமொழியாக நிற்கும் இறைவன் பெயரே.

3. குளத்து ஆமையின் அடையாளம்

மாதவ் புகுரியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆமையினங்கள் வாழ்கின்றன. அவற்றுள் தலையாயது கருநிற மென்னோட்டாமை. அறிவியலார் இதனை நில்சோனியா நைக்ரிகன்ஸ் என வழங்குவர். மென்னோட்டாமைகளின் முதுகு, ஏனைய ஆமைகளைப் போலக் கொம்புப்பொருளாலான தகடுகளால் மூடப்படுவதில்லை. தோல் போர்த்த தட்டையான வட்டு போன்றது அது. மூக்கு சிறு குழாய்போல் நீண்டிருப்பதால், உடலை நீருக்குள் மறைத்துக்கொண்டு மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டி இவை மூச்சுவிட இயலும். தென்னிந்திய ஆறுகளில் வாழும் லீத் மென்னோட்டாமை இப்பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவினம்.

இவ்வினத்தை அறிவியல் உலகிற்கு 1875இல் அறிமுகப்படுத்தியவர், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக விளங்கிய ஜான் ஆண்டர்சன். அவர் விவரித்த ஆமைகள் கிடைத்த இடம் ஆறோ காடோ அன்று. சிட்டகாங்கில் உள்ள பாயசீத் போஸ்தாமி தர்காவின் குளமே அது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, இவ்வாமை உலகில் அவ்வொரு குளத்தில் மட்டுமே வாழ்வதாக நம்பப்பட்டது. ஓர் உயிரினத்தின் முழு வாழிடமும் ஒரு வழிபாட்டிடத்தின் சுற்றுச்சுவருக்குள் அடங்கியதாகக் கருதப்பட்ட அரிய நிகழ்வு இது.

2002இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை ‘இயற்கைச் சூழலில் அற்றுப்போன இனம்’ என வகைப்படுத்தியது. அதே ஆண்டில் பிராஷாக், கெமெல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இவ்வினத்தின் அடையாளத்தை மறுஆய்வு செய்து, அசாமிலும் அது வாழ்வதைக் காட்டியது. 2007இல் பிராஷாக்கும் பிறரும் வெளியிட்ட மரபணு ஆய்வு, இயற்கையாக வாழும் ஆமைகள் உள்ளமையை உறுதிப்படுத்தியது. பின்னைய மதிப்பீட்டில் இது ‘மிகவும் அருகிய இனம்’ என மாற்றி வகைப்படுத்தப்பட்டது. இவ்வகை மாற்றத்தை இனத்தின் வளர்ச்சி எனக் கொள்வது பொருந்தாது. முன்னர் அறியப்படாதிருந்த எச்சங்கள் அறியப்பட்டமையே அதன் காரணம்.

4. கூர்மம்: உருவமும் உயிரும்

ஹாஜோவில் இவ்வாமைகள் திருமாலின் கூர்மாவதாரமாகப் போற்றப்படுகின்றன. வழிபட வருவோர் பொரி, ரொட்டி போன்றவற்றை நீரில் இடுவர். அவ்வொலிக்கும் அசைவிற்கும் பழகிய ஆமைகள் படித்துறை அருகே மேலெழுந்து வரும்.

ஆமையின் புனிதம் வேத இலக்கியத்திலேயே தொடங்குகின்றது. சதபத பிராமணம், பிரஜாபதி ஆமை வடிவெடுத்து உயிர்களைப் படைத்ததாகக் கூறுகின்றது. ஆமையின் கீழோடு நிலமாகவும், மேலோடு வானமாகவும், இடைப்பட்ட உடல் வளிமண்டலமாகவும் அங்கு உருவகிக்கப்படுகின்றன. அக்கினிசயனம் என்னும் வேள்வியில் உயிருள்ள ஆமை ஒன்றை வேள்வி மேடையின் அடியில் வைத்துச் செங்கல் அடுக்கும் மரபையும் அந்நூல் விவரிக்கின்றது. மந்தர மலையைத் தாங்கிய கூர்மம் என்னும் புராணக் கதையில் அவ்வாமை திருமாலின் வடிவமாயிற்று. தாங்குதல் என்னும் கருத்து இரண்டிற்கும் பொது. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. வேள்வியில் ஆமை தன் உயிரைத் தந்து உலகைத் தாங்குகின்றது. கோயில் குளத்திலோ அது உயிரோடிருப்பதே வழிபாட்டின் நோக்கமாகின்றது.

இங்கு மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. ஹாஜோவின் மூலவர் ஹயக்ரீவரேயன்றிக் கூர்மநாதர் அல்லர். கூர்மநாதரை மூலவராகக் கொண்ட ஆந்திரத்தின் ஸ்ரீகூர்மம் தலத்தில் பேணப்படுபவை நீராமைகள் அல்ல. நிலத்தில் வாழும் நட்சத்திர ஆமைகள். ஆகவே கருவறைத் திருவுருவிற்கும் கோயிலில் பேணப்படும் உயிருக்கும் நேரடியான ஒப்புமை எப்போதும் இருப்பதில்லை. ஹாஜோவில் ஆமைகளுக்கும் இறைவனுக்குமான உறவு, இருவரும் திருமாலின் வடிவங்களே என்னும் பொது விளக்கத்தின்வழி அமைகின்றது.

5. மூன்று குளங்கள், மூன்று விளக்கங்கள்

திரிபுராவின் உதய்பூரில், மாதாபாரி என வழங்கும் திரிபுரசுந்தரி கோயில் உள்ளது. 1501இல் மன்னர் தன்ய மாணிக்யர் கட்டுவித்த இக்கோயில், 51 சக்தி பீடங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது. கோயில் அமைந்த குன்று ஆமையின் முதுகைப் போன்றிருப்பதால் இது கூர்மபீடம் எனப்படுகின்றது. கோயிலின் கிழக்கே, பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட கல்யாண் மாணிக்யரின் பெயரால் கல்யாண் சாகர் என்னும் பெருங்குளம் உள்ளது. கருநிற மென்னோட்டாமை அங்கும் வாழ்கின்றது. இங்கே கூர்மம் என்பது திருமாலின் அவதாரமாக அன்றி, தேவி வீற்றிருக்கும் நிலத்தின் வடிவாகப் பொருள் கொள்கின்றது. குளத்து ஆமைகள் அந்நிலவடிவின் உயிருள்ள சான்றுகளாகின்றன.

சிட்டகாங்கின் தர்கா, ஒன்பதாம் நூற்றாண்டின் பாரசீக சூஃபி ஞானி பாயசீத் பிஸ்தாமியின் நினைவாக எழுந்தது. அவருடைய அடக்கத்தலம் ஈரானில் உள்ளது. சிட்டகாங்கில் வழங்கும் கதை, ஞானியின் ஆற்றலால் தீய ஆவிகள் ஆமைகளாக மாற்றப்பட்டன என்கின்றது. இங்கே ஆமை அவதாரமும் அன்று, பீடமும் அன்று. தண்டனை பெற்று அடங்கிய ஆவி. ஆனாலும் அதற்குத் தீங்கிழைத்தல் ஆகாது, உணவிடுதல் அறம்.

வைணவம், சாக்தம், சூஃபியம் என மூன்று மரபுகள். அவதாரம், நிலம், ஆவி என மூன்று விளக்கங்கள். மூன்றிலும் நடைமுறை ஒன்றே: ஆமையைக் கொல்லாமை, உணவிடுதல். விளக்கங்கள் இவ்வளவு வேறுபட்டும் நடைமுறை மாறாதிருத்தல், நடைமுறையே அடிப்படையானது என்றும், கதைகள் அதன்மேல் அவ்வச்சமயச் சூழலுக்கேற்ப அமைந்தவை என்றும் கருத இடமளிக்கின்றது.

இக்கருத்திற்கு முன்னோடியான ஆய்வொன்றும் உண்டு. விலங்கியல் அறிஞர் நெல்சன் அன்னண்டேல், வங்காளத் தொன்னூல் அறிஞர் ஹரபிரசாத் சாஸ்திரி ஆகிய இருவரும் இணைந்து 1914இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில், இந்தியாவிலும் பர்மாவிலும் மென்னோட்டாமை வழிபாட்டின் எச்சங்களை ஆராய்ந்தனர். வங்காளத்தின் ராட் பகுதியில் தர்ம தாகூர் என்னும் நாட்டார் தெய்வம் ஆமை வடிவக் கல்லில் வணங்கப்படுவதும், சாஸ்திரி அவ்வழிபாட்டில் பௌத்த எச்சங்களைக் கண்டதும் இங்கு நினைவுகூரத்தக்கவை. பௌத்தர்களும் போற்றும் ஹாஜோவை இப்பின்னணியில் நோக்கும்போது, ஆமை வழிபாடு கிழக்கிந்தியாவில் எந்த ஒரு சமயத்திற்கும் மட்டும் உரியதன்று என்பது புலனாகும். விலங்கியலாரும் மொழியியல், சமய ஆய்வாளரும் ஒரே பொருளை இணைந்து ஆராய்ந்த அம்முறை, இன்றைய ஆய்வுகளுக்கும் வழிகாட்டத் தக்கது.

6. புனிதத்தின் எல்லை

குளத்தில் கூர்மமாக வணங்கப்படும் இதே ஆமை, ஆற்றில் உணவிற்காகப் பிடிக்கப்பட்டு வந்துள்ளது. இறைச்சிக்கும் முட்டைக்குமான வேட்டையும் வாழிட இழப்பும் வடகிழக்கிந்திய நன்னீர் ஆமைகள் அருகியதற்கு முதன்மைக் காரணங்கள். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 அவ்வேட்டையைத் தடுக்க முயல்கின்றது. பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும் இவ்வினம் இடம்பெற்றுள்ளது. ஆயினும் குளத்தில் நம்பிக்கை தரும் காவலுக்கு நிகரான ஒன்று ஆற்றில் இல்லை.

இதனால் பெறப்படுவது, ஆமைக்குரிய புனிதம் இனத்தைச் சாராது இடத்தைச் சார்ந்து நிற்கின்றது என்பதாகும். குளத்தின் எல்லைக்குள் இருக்கும்வரை அது தெய்வத்தின் உடைமை. எல்லையைக் கடந்தால் அது வெறும் ஆமை. இவ்வினம் வெளியே அருகிக் குளங்களில் மட்டும் எஞ்சியதற்கு இவ்விடம்சார் புனிதமே விளக்கம் தருகின்றது. கோயில் காடுகளில் அரிய மரங்கள் எஞ்சியிருப்பதற்கும் இதே அடிப்படையைக் கூறலாம்.

7. முட்டையும் கரையும்

இடம்சார் புனிதத்திற்கு மற்றொரு வரம்பும் உண்டு. அது காப்பது நீரில் உள்ள ஆமையை. ஆனால் ஆமையின் வாழ்க்கை நீரில் மட்டும் நிறைவுறுவதன்று. பெண் ஆமை கரையேறி, மண்ணைத் தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டு மீண்டும் நீருக்குள் செல்கின்றது. அடைகாப்பது தாயன்று, மண்ணின் வெப்பமும் ஈரமுமே.

தாய் உடனிருந்து பேணாத இவ்வியல்பு பண்டைத் தமிழ்ப் புலவர்களின் கவனத்தையும் ஈர்த்தது. ஐங்குறுநூற்றின் 44ஆம் பாடலும், கிள்ளிமங்கலங்கிழார் பாடிய குறுந்தொகை 152ஆம் பாடலும் ஆமைப் பார்ப்புக்கும் தாய்க்குமான உறவை உவமையாகக் கையாளுகின்றன. ஆமை தன் முட்டையை நினைவினாலேயே பொரிக்கும் என்னும் நம்பிக்கை, ஆசிரியன் நினைவால் அருளும் மானச தீக்கைக்கு விளக்கமாகப் பிற்காலச் சமய நூல்களில் வழங்கியது. தாய் அருகில்லாமலே குஞ்சு வெளிப்படுகின்றது என்னும் உண்மை நோக்கு இந்நம்பிக்கையின் உள்ளே பொதிந்துள்ளது. அதற்கு மரபு தந்த விடை நினைவு. உயிரியல் தரும் விடை மண்.

அம்மண்ணே இன்று குளங்களில் குறைந்து வருகின்றது. கரைகளைக் கற்காரையால் கட்டுவது குளத்தைப் பேணும் திருப்பணியாகவே கருதப்படுகின்றது. கரை சரியாமலும், நீர் அணுகுதற்கு எளிதாகவும், காண்பதற்கு அழகாகவும் அது அமைகின்றது. ஆனால் செங்குத்தான சுவரில் ஆமை ஏற இயலாது. ஏறினாலும் தோண்ட மண் இராது. கல்யாண் சாகரின் கரைகள் கற்காரையால் கட்டப்பட்டபின் ஆமைகளின் இனப்பெருக்கம் பாதிக்கப்பட்டதாக எழுந்த கவலை இதற்குச் சான்று. யாரும் ஓர் ஆமையையும் கொல்லவில்லை; பக்தியும் குறையவில்லை; ஆயினும் அடுத்த தலைமுறை பிறப்பதற்கான இடம் சுருங்குகின்றது. ஆமைகள் நீண்ட காலம் வாழ்வன ஆதலின் இவ்விழப்பு உடனடியாகக் கண்ணுக்குப் புலப்படாது. வளர்ந்த ஆமைகள் படித்துறைக்கு வந்து பொரி உண்ணும் காட்சி தொடரும் வரை, குளம் செழிப்பாக இருப்பதாகவே தோன்றும்.

உணவிடுதலும் இவ்வகையில் இருமுனை கொண்டது. அது மக்களுக்கும் ஆமைக்குமான உறவை நிலைநிறுத்துகின்றது. எனினும் மாவுப்பண்டங்கள் ஊனுண்ணும் இயல்புடைய மென்னோட்டாமைக்கு உரிய உணவல்ல. எஞ்சியவை நீரில் அழுகி உயிர்வளியைக் குறைக்கும். உணவைச் சுற்றிய நெகிழி உறைகள் நீரில் விழுவது இக்காலத்தின் கூடுதல் கேடு.

8. குளத்திலிருந்து ஆற்றிற்கு

இவ்வரம்பைக் கடக்கும் முயற்சி ஹாஜோவிலேயே தொடங்கியுள்ளது. கோயிலாரும் அசாம் வனத்துறையும் ஆமைப் பாதுகாப்பில் ஈடுபட்ட தன்னார்வ அமைப்புகளும் இணைந்து, கரையில் இடப்படும் முட்டைகளைச் சேகரித்து, மணல் நிரப்பிய அடைகாப்புப் பெட்டிகளில் பொரிக்கச் செய்கின்றனர். இவ்வாறு கோயில் குளத்து முட்டைகளிலிருந்து பெற்ற 35 குஞ்சுகள் 2019 ஜனவரியில் போபிதோரா வனவிலங்குச் சரணாலயத்தின் நீர்நிலையில் விடப்பட்டன. அவற்றுள் 16 கருநிற மென்னோட்டாமைகள். ஏனையவை அதன் உறவினங்கள். பிரம்மபுத்திராவின் வடகரையிலுள்ள நாகசங்கர் கோயில் குளமும் இத்தகைய முயற்சிகளில் இடம்பெற்றுள்ளது.

எண்ணிக்கை சிறிது, பொருள் பெரிது. இதுவரை குளத்தின் எல்லைக்குள் அடங்கியிருந்த காப்பு, முதன்முறையாக ஆற்றுவெளியை நோக்கி நகர்ந்துள்ளது. ஒருகாலத்தில் ஆற்றிலிருந்து குளத்தை அடைந்த உயிர் குளத்திலிருந்து ஆற்றிற்குத் திரும்புகின்றது. சமய நோக்கில் இது சிக்கலான செயல். இறைவனுக்குரிய உயிரைக் கோயில் எல்லைக்கு வெளியே அனுப்புதல், அதன் முட்டையைத் தொட்டு எடுத்தல் ஆகியவை மரபில் முன்மாதிரி இல்லாதவை. கோயிலாரின் இசைவும் குளத்தை அன்றாடம் பேணுவோரின் பங்கேற்பும் இன்றி இது நிகழ்ந்திராது. எந்தப் பருவத்தில், கரையின் எந்தப் பகுதியில் ஆமை ஏறும் என்னும் அறிவு அவர்களிடமே உள்ளது. அவ்வறிவும் மரபின் ஒரு கூறே.

ஆற்றில் விடப்பட்ட குஞ்சிற்குக் குளத்தின் புனிதம் தொடருமா என்பதே எஞ்சும் வினா. தொடராவிடில் அது மீண்டும் வேட்டைக்குரியதாகும். சரணாலயத்தின் சட்டக்காவல் அதற்கு ஒரு விடை. குளத்தில் வணங்கப்படுவதும் ஆற்றில் வாழ்வதும் ஒரே உயிர் என்னும் உணர்வு கரையோர ஊர்களில் வேரூன்றுதல் அதனினும் நிலைத்த விடை. அவ்வுணர்வை உருவாக்கும் மொழி, கூர்மம் என்னும் சொல்லிலேயே உள்ளது. கூர்மம் தாங்கியது ஒரு குளத்தை அன்று; உலகை.

9. முடிவுரை

ஹாஜோக் குளத்து ஆமைகளை முன்வைத்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். ஒன்று: மூன்று சமய மரபுகளில் மூன்று வகையாக விளக்கப்பட்டும் ஆமையைப் பேணும் நடைமுறை ஒன்றாகவே உள்ளது, ஆகவே ஆய்வு, புராண விளக்கத்தோடு நின்றுவிடாமல் நடைமுறையையும் ஆராய வேண்டும். இரண்டு: ஆமையின் புனிதம் இடத்தைச் சார்ந்தது, இவ்வினத்தை அழிவிலிருந்து மீட்டதும் அதுவே, குளத்திற்குள் சுருக்கியதும் அதுவே. மூன்று: இடம்சார் புனிதம் நீரைக் காத்தது, கரையைக் காக்கத் தவறியது. திருப்பணியின் வரையறைக்குள், குளக்கரையின் ஒரு பகுதியையேனும் சரிவான மணற்கரையாக விட்டுவைத்தலும் இடம்பெறுதல் வேண்டும்.

இந்தியக் கோயில் குளங்களை ஆராய்வோர் படித்துறையின் கல்லெழுத்தைப் படிப்பதுபோல், அதனை அடுத்த மண்ணில் ஆமை தோண்டிய குழியையும் படித்தறிதல் வேண்டும். கல்லெழுத்து, குளத்தை வெட்டுவித்தவர் யார் எனச் சொல்லும். அக்குழி, குளம் இன்னும் உயிரோடுள்ளதா எனச் சொல்லும்.